கெர்னலோடு பேரம்

உட்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. இசக்கிராஜாவோட அப்பா என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அந்தத் தாடையைப் பார்த்தாலே தெரிகிறது. உங்க பையனும் இப்படித்தான். திட்டினால் வாயைத் திறக்க மாட்டான், தாடையை மட்டும் இறுக்கிக்கொண்டு நிற்பான். திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கும் ஆத்திரம் அடங்கியிருக்கும்.

எதற்கு வந்திருக்கீங்க என்றும் தெரியும். ரிலீவிங் லெட்டர். இங்கே வேலை பார்த்தான், முறையாக விலகிப் போனான் என்று என் லெட்டர்பேடில் நாலு வரி. அது இல்லாமல் பெங்களூர் கம்பெனிக்காரன் சேர்த்துக்கொள்ள மாட்டான். திங்கட்கிழமைக்குள் காட்டவில்லை என்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். எல்லாம் போனில் சொன்னான். முடியாது என்றேன். இப்போது உங்களை அனுப்பியிருக்கான்.

அனுப்பலையா? அவனுக்குத் தெரியாமல் வந்தீங்களா? சரி, அதுவும் நல்லதுதான்.

நான் கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை. நடந்ததைக் கேளுங்க. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேனாக இருந்தவர், ஆளை வைத்து வேலை வாங்கியவர். உங்களுக்குப் புரியும்.

இன்றைக்கு நம்ம செண்பகா வீடியோஸ் என்றால் சாத்தூரிலிருந்து கயத்தாறு வரைக்கும் எந்த மண்டபத்திலும் தெரியும். நான் எங்கே ஆரம்பித்தேன் தெரியுமா? லைட் பிடித்தேன். மாப்பிள்ளை முகத்துக்கு நேராக அந்தக் கொதிக்கிற லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கணும். கை ஆடினால் கேமராக்காரன் காலை மிதிப்பான், வெளியில் தெரியாமல். கல்யாண வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மிதி வாங்கியவன் நான். பந்தியில் எங்களைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். அப்போது பாயசம் இருக்காது. படிப்பு கிடையாது. ஆனால் ஒன்று, எதையும் முதலில் சொன்ன விலைக்கு நான் வாங்கினது கிடையாது. கேமராவா, காரா, ஆளா, எதுவானாலும் முதல் விலை எனக்குக் காதில் விழாது. உங்க பையனையும் அப்படித்தான் எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீங்க.

நல்ல வேலைக்காரன், அதைச் சொல்லணும். அந்தக் கண்ணாடி அறையில் நிற்கிறதே பெரிய மிஷின், அவன் கட்டியது. எல்லாக் கேமராவும் எடுப்பது அதற்குள்தான் போகும். கீழே எடிட்டிங் பிள்ளைகள் அதிலிருந்துதான் எடுத்து வெட்டி ஒட்டுவார்கள்.

எங்க தொழில் கார்டில் ஓடுகிறது அண்ணாச்சி. கேமராவில் போடுகிற சின்னக் கார்டு, நகம் அளவு. முகூர்த்த நாளில் நம்ம ஆட்கள் நாலு ஊர் மண்டபத்தில் நிற்பார்கள். காலையில் தாலி கட்டு முடிந்ததும் கார்டு பைக்கில் இங்கே வரும். மிஷினில் காப்பி ஆகும். உடனே கார்டை அழித்து அதே பைக்கில் அடுத்த ஊர் ரிசப்ஷனுக்கு அனுப்பணும். பைக்குக்காரன் எஞ்சினை அணைக்க மாட்டான், அப்படி ஒரு ஓட்டம். உங்க பையன் கேட்டான், "இன்னும் நாலு கார்டு வாங்கிட்டா இந்த ஓட்டமே வேண்டாமே மொதலாளி?" என்று. சீசன் முடிந்தால் சும்மா கிடக்கிற கார்டுக்கு யார் சோறு போடுவது?

பிரச்சினை எங்கே என்றால், காப்பி. ஆரம்பத்தில் அந்தப் பச்சைக் கோடு சர்ரென்று ஓடும். பாதியில் நின்றுவிடும். நடுரோட்டில் மாடு நிற்கிற மாதிரி நிற்கும். அப்புறம் கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். வெளியே பைக் டுபு டுபு என்று உறுமுகிறது. எனக்கு இங்கே மண்டைக்குள் உறுமுகிறது. "என்னலே மிஷின் வாங்கிக் கட்டுனே? நாலு லட்சுமி வெடியை அதுக்கு அடியில வைக்கவா?" என்று கத்தினேன்.

அப்போதுதான் விளக்கினான். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒருத்தன் இருக்கானாம். ஆள் இல்லை, புரோகிராம்தான், ஆனால் உள்ளே எல்லாம் அவன் சொன்னபடிதான் நடக்குமாம். கார்டிலிருந்து வருவதை அவன் நேராக டிஸ்க்கில் எழுத மாட்டானாம், டிஸ்க் மெதுவானது. முதலில் மெமரியில் இறக்கி வைத்துக்கொள்வான். அங்கேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கில் எழுதுவான். எழுதாமல் மெமரியில் கிடப்பது ஒரு அளவைத் தாண்டினால், வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுவானாம்.

"பந்தி மாதிரியா? உள்ள இலை எடுத்தாத்தான் அடுத்த ஆளை விடுவானா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் மொதலாளி."

"அப்போ ஹாலைப் பெருசாக்கு."

"ஹால் பெருசுதான். நாமதான் கொஞ்ச பேருக்கு மேல விடாதேன்னு வச்சிருக்கோம்."

"யாருலே வச்சது?"

"நான்தான். மெமரியில பத்து சதவீதம்."

பாருங்க அண்ணாச்சி. ஆறு மாசமாக நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், பைக்குக்காரன் பெட்ரோல் எரிகிறது, இவன் பூட்டைப் போட்டுச் சாவியையும் பையில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறான்!

"எண்பது ஆக்கு," என்றேன்.

"எண்பதா! மெமரியில இருக்கிறது எழுதினதா ஆகாது மொதலாளி. திடீர்னு கரண்ட் போச்சுன்னா அம்புட்டும் போயிரும். கம்மியா வச்சா மெதுவாத்தான் போகும், ஆனா போனது போனபடி இருக்கும்."

"அதுக்குத்தான யுபிஎஸ் வச்சிருக்கு. சரி, எழுபத்தஞ்சு."

"இது விலை இல்ல மொதலாளி."

"விலை இல்லாதது உலகத்துல என்னலே இருக்கு? எழுபது. உனக்காக."

"இருபது வரைக்கும் ஏத்திப் பாக்கலாம்."

"பத்துலேருந்து இருபதா? நீ கம்ப்யூட்டர் படிச்சதுக்குச் சந்தையில தக்காளி வித்திருக்கலாம். அறுபத்தஞ்சு."

தாடையை இறுக்கிக்கொண்டு நின்றான். நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். கடையை விட்டு இறங்குகிற மாதிரி இறங்கினால்தான் கடைக்காரன் கூப்பிடுவான். இது என் கடைதான், ஆனாலும் பழக்கம். கூப்பிட்டான்.

"அறுபது. ஆனா ஒண்ணு மொதலாளி. கோடு முழுசா ஓடி 'முடிஞ்சது'ன்னு காட்டினாலும் பாதிக்கு மேல மெமரியிலதான் கிடக்கும். எல்லாம் டிஸ்க்குக்குப் போயிருச்சான்னு நான் பாத்துச் சொல்ற வரைக்கும் யாரும் கார்டை அழிக்கக் கூடாது."

"சரிலே," என்றேன். பேரத்தில் கடைசியாக எதிராளிக்கு ஒரு சின்னத் துண்டு விட்டுக்கொடுக்கணும் அண்ணாச்சி. அப்போதுதான் ஜெயித்த மாதிரி போவான். அந்தத் துண்டை அதற்கப்புறம் யார் திரும்பிப் பார்க்கிறது?

அன்றையிலிருந்து கோடு பறந்தது! கார்டைச் சொருகு, கண்ணை மூடித் திற, முடிந்தது. தொழிலில் இருக்கிற ஆட்களைக் கூட்டிவந்து காட்டினேன். "கெர்னல்கிட்டயே பேரம் பேசிட்டேன்ல" என்றேன். உங்க பையன் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து கறுப்புத் திரையில் எதையோ பார்த்து, "இப்ப அழிக்கலாம்" என்பான். சில நாள் அதற்கே அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கணும்.

வைகாசியில் அந்தக் கல்யாணம் வந்தது. எட்டயபுரம் ரோட்டு மண்டபம். பொண்ணு பேரு முத்தரசி. அவள் அப்பா கோமதிநாயகம், அரிசி ஆலைக்காரர், இரண்டு கிட்னியும் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாரை வார்த்துக் கொடுக்க ஆம்புலன்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதைக் கொண்டுவந்து நேராக நுழைவாயில் அலங்காரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டான் ஒரு மடையன். வாழைமரம், தோரணம் எல்லாம் மறைந்துபோச்சு. நான்தான் சத்தம் போட்டுப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். அவரைச் சமையல்கட்டு வழியாகத் தூக்கி வந்தார்கள். ஃபிரேம் சுத்தமாகிவிட்டது.

மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். மாலை குறுக்கே மறைத்தது. "ஐயா, இன்னொரு தடவை" என்றேன். செய்தார், பாவம். கை நடுங்கியது. அதுவும் நல்ல ஷாட்தான். நான் சும்மா சொல்லவில்லை, அந்தக் கல்யாணத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டேன். மாப்பிள்ளை சட்டையில் மைக் கூட வைத்திருந்தேன். தாலி கட்டி, கெட்டிமேளம் ஓயுமுன்னால் கோமதிநாயகம் குனிந்து பொண்ணு காதில் என்னவோ சொன்னார். மேடைக் கேமரா கிட்டத்தில் போய் எடுத்தது.

அந்தக் கார்டு மத்தியானம் இங்கே வந்தது. கயத்தாறு ரிசப்ஷனுக்கு அது போகணும், பைக் வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. கோடு ஓடி முடிந்தது. 'முடிஞ்சது' என்று காட்டியது. உங்க பையன் எங்கே? இல்லை. கீழே பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது, பார்க்கச் சொல்லி நான்தான் அனுப்பியிருந்தேன். அனுப்பினால் என்ன, வேலை முக்கியம் என்று தெரிந்தவன் மேலே வந்திருக்கணுமா இல்லையா?

கார்டு போடுகிற பிள்ளை ஜெயகௌரி தயங்கினாள். "எசக்கி அண்ணன் இன்னும் சொல்லலையே மொதலாளி."

"இங்க மொதலாளி அவனா நானா? முடிஞ்சதுன்னு மிஷினே சொல்லுது. அழி."

அழித்தாள். பைக் போனது. தெரு முக்குத் திரும்பியிருக்காது, கரண்ட் போச்சு.

யுபிஎஸ் இரண்டு தரம் கூவியது. அப்புறம் அதுவும் போச்சு. எங்கேயோ ஆபீஸில் கழித்துப் போட்ட பேட்டரிகள், நான் பேசி எடுத்தது. அந்த விலைக்கு நீங்கள் எங்கேயும் வாங்க முடியாது. கரண்ட் போனதற்கு நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி? நானா கம்பத்தில் ஏறிப் பிடுங்கினேன்?

கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைல் பேரெல்லாம் வரிசையாக இருக்கிறது. தாலி கட்டு, தாரை வார்த்தல், எல்லாம் பேர் இருக்கிறது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. கயத்தாறுக்குப் போன் போட்டோம். அங்கே வேறொரு பொண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கார்டு மேலேயே அது பதிவாகிக்கொண்டிருந்தது. மற்றக் கேமராவில் எடுத்தது பத்திரமாக இருந்தது. பந்தி முழுக்க இருக்கிறது. யார் யார் எத்தனை அப்பளம் வாங்கினார்கள் என்று கூடச் சொல்லலாம். மேடைதான் இல்லை.

உங்க பையன் என்ன செய்தான் தெரியுமா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஜெயகௌரி ஒரு பக்கம் அழுகிறாள். நான் உட்காரவில்லை. எனக்கு உட்கார நேரம் ஏது? சாயங்காலம் இரண்டு ரிசப்ஷன்.

அடுத்த வாரம் கோமதிநாயகம் செத்துப்போனார். காரியமெல்லாம் முடிந்து அந்தப் பொண்ணும் புருஷனும் வந்தார்கள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான். நான் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். போட்டோவை வைத்து ஒப்பேற்றி, பின்னணியில் நாதஸ்வரம் போட்டு, பெரிய ஆல்பம் ஒன்று இலவசமாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்று. புருஷன்காரன் பாதி மசிந்துவிட்டான். அந்தப் பொண்ணுதான் வேறு மாதிரி கேட்டாள்.

"முழுசும் வேண்டாம்ணே. அப்பா என் காதுல என்னமோ சொன்னாங்க. மேளத்துல கேக்கல. என்னப்பான்னு கேட்டேன், சிரிச்சாங்க. சரி, இவங்க சட்டையில மைக் இருக்கே, வீடியோ வந்ததும் கேட்டுக்கிடலாம்னு விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில போய்க்கூடக் கேக்கல. அது மட்டும் போட்டுக் காட்டுங்க."

என்ன சொல்லியிருக்கப் போகிறார்? நல்லா இரும்மா என்றுதான். அந்த நிலைமையில் இருக்கிற மனுஷன் வேறு என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார்? இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையைக் கொடுத்தால் அந்தப் பொண்ணுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சட்டென்று எனக்கு யோசனை வந்தது. "வீடியோ கொஞ்சம் கோளாறும்மா, ஆனா எங்க பையன் காப்பி பண்றப்போ ஓட்டிப் பாத்திருக்கான். லேய் எசக்கி, இங்க வா. அப்பா என்ன சொன்னாருன்னு தங்கச்சிகிட்ட சொல்லு" என்றேன். கண்ணையும் காட்டினேன். இதற்கு மேல் ஒருத்தனுக்கு எப்படி எடுத்துக் கொடுப்பது?

நின்றான். அந்தப் பொண்ணு நாற்காலியின் நுனிக்கு வந்து அவன் வாயையே பார்க்கிறாள். அப்போது சொல்கிறான் உங்க பையன்:

"நான் கேக்கலக்கா. யாருமே கேக்கல. அது டிஸ்க்குல ஏறவே இல்ல. அதுக்குள்ள கார்டை அழிச்சுட்டோம். மன்னிச்சிருங்கக்கா."

அழிச்சுட்டோமாம்! என் முன்னால், என் ஆபீஸில், என் சம்பளத்தைத் தின்றுவிட்டு!

அந்தப் பொண்ணு அப்படியே எழுந்து போய்விட்டாள். புருஷன்காரன்தான் ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிட்டான். அந்தச் சொந்தபந்தத்தில் ஆவணிக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் எல்லாம் கைமாறிப் போச்சு. கார்டு போனதால் எனக்கு நஷ்டம் இல்லை அண்ணாச்சி, உங்க பையன் வாயால்தான் நஷ்டம். ஓங்கி ஒரு அறை விட்டேன். பெத்தவர் நீங்கள் செய்ய வேண்டியது, நீங்கள் பக்கத்தில் இல்லை, நான் செய்தேன்.

மறுநாள் வரவில்லை. போகிற போக்கில் என்ன செய்துவிட்டுப் போயிருக்கான் தெரியுமா? அறுபதைத் திரும்பப் பத்தாக்கிவிட்டுப் போயிருக்கான். பேசி முடித்த பேரத்தை ஒருத்தன் இப்படி மாற்றலாமா? இப்போது வந்திருக்கிற பையன் தங்கம். எண்பது வை என்றேன், "ஓகே சார்" என்று வைத்துவிட்டான். ஒரு கேள்வி கிடையாது.

என்ன ஜெயகௌரி? முடிஞ்சிருச்சா? அப்புறம் என்ன முழிச்சுக்கிட்டு நிக்க, அழிச்சுக் கொடு. வண்டி நிக்குதுல்ல.

எங்கே விட்டேன்? லெட்டர். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்க பையன் அந்தப் பொண்ணு வீட்டுக்கு என்னோடு வரட்டும். "அன்னைக்குப் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன், நான் கேட்டது நிஜம், அப்பா இப்படித்தான் சொன்னாங்க" என்று சொல்லட்டும். திரும்பி வந்ததும் லெட்டர் கையில்.

போன் போடுங்க. ஸ்பீக்கரில் போடுங்க, நானும் கேட்கிறேன்.

கேட்டீங்களா? கேட்டீங்களா அண்ணாச்சி? லெட்டரே வேண்டாமாம். "அந்த ஆளுகிட்ட ஏன்பா போனீங்க, எந்திரிச்சு வாங்க" என்கிறான். அந்த ஆளாம். பெத்த தகப்பனுக்கே இந்த மரியாதை என்றால், எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்க. அவனுக்கு என்ன, சின்ன வயசு, ரோஷம். திங்கட்கிழமை போனால் செவ்வாய்க்கிழமை தெரியும். வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் தினமும் பார்க்கப் போகிறவர் நீங்கள்.

போனை வைத்துவிட்டீங்க. நல்லது.

சரி, இப்படிச் செய்வோம். அவன் வேண்டாம். நீங்கள் வாங்க. எனக்கு அதுவே போதும், இன்னும் நல்லதும் கூட. உங்க முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற ஆள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். "நான் அந்தப் பையனோட அப்பா. பயத்துல அவன் உங்ககிட்ட மறைச்சிட்டான். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னான், உங்க அப்பா சொன்னது இதுதான்" என்று ஒரு வார்த்தை. லெட்டரை இப்போதே டைப் பண்ணச் சொல்கிறேன். கையெழுத்தை மட்டும் வந்து போடுகிறேன்.

எழுந்துட்டீங்களே. உங்க வீட்டுக்கா, அந்தப் பொண்ணு வீட்டுக்கா?

அங்கேதானா. அதானே பார்த்தேன். வாங்க, என் காரிலேயே போயிரலாம்.

என்ன சொல்லணுமா? அதையும் நானா சொல்லித் தருவது? நீங்களும் மகளைக் கட்டிக்கொடுத்தவர்தானே அண்ணாச்சி. அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வாயில் வந்ததோ அதைச் சொல்லுங்க. ஆனால் சுருக்கமாக இருக்கட்டும். நீளமாகச் சொன்னால் நம்ப மாட்டாள்.